பதினொன்று புள்ளி இரண்டு

அமுதவல்லி செத்துப்போனதைப் பற்றி மூன்று பக்கம் எழுதி ஃபைலில் வைத்திருக்கிறார்கள். மூன்று பக்கமும் பொய். அடியில் கையெழுத்துப் போட்ட ஆறு பேரில் நானும் ஒருத்தி. அவள் வாழ்ந்ததைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்?

நான் ஜெயா. வீடு பிரம்மதேசம். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் பிழைப்பு ஓட வேண்டும். பதினாறு வருடமாக இந்தச் சனங்களுக்கு ஊசி குத்துகிறேன். கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் எல்லோருக்கும் வழக்கம். அமுதவல்லி திருப்பிக்கொள்ள மாட்டாள். ஊசி இறங்குவதையும் குழாயில் ரத்தம் ஏறுவதையும் கண் கொட்டாமல் பார்ப்பாள்.

"எத்தினி டிகிரிங்கக்கா?" என்று கேட்பாள்.

"டிகிரி இல்லடி, பாயிண்டு."

"ஏதோ ஒண்ணு. ஏறியிருக்குதா, சொல்லுங்க."

அவளுக்கு எல்லாமே டிகிரிதான். அளத்தில் உப்புத் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு அது எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பார்ப்பார்கள். வெயிலில் தண்ணீர் சுண்டச் சுண்ட டிகிரி ஏறும். இருபத்தைந்தைத் தொட்டால் பாத்தியில் உப்பு இறங்கும். அந்தக் குழலை மேஸ்திரி சிங்காரம் அவளைத் தவிர யார் கையிலும் கொடுக்க மாட்டான். அவளோ குழலே இல்லாமல் இரண்டு விரலைத் தண்ணீரில் விட்டுத் தேய்த்துப் பார்த்து, "இருவத்தி மூணு இருக்கும், நாளைக்கு வாரலாம்" என்பாள். அடுத்த நாள் பார்த்தால் அப்படியே இருக்கும். அந்தத் திறமைக்காகக் கூலியைக் கூட்டிக் கொடுத்தானா என்றால், அதெல்லாம் இல்லை. மற்ற பெண்களைப் போலவே அவளும் கூடை கூடையாகத் தலையில் உப்பைச் சுமந்துதான் கூலி வாங்கினாள்.

எட்டாவது வரை படித்தவள். கணக்கில் நல்ல மார்க் வாங்குவாளாம். அம்மா செத்ததும் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு அளத்தில் இறங்கிவிட்டாள். தங்கச்சி சந்தியாவுக்கு அப்போது ஏழு வயது. அந்தக் குழந்தைக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தவள் இவள்தான். இருபத்திரண்டு வயதில் லாரியில் மூட்டை ஏற்றுகிற அரசப்பனைக் கட்டிக்கொண்டாள். அரசப்பன் நல்லவன். குடிப்பான், ஆனால் அடிக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் இதையே பெரிய நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் பிள்ளை உண்டானபோதுதான் எனக்கு அவள் பழக்கம். மூன்றாம் மாதத்துக்குள் கர்ப்பிணிகளின் ரத்தத்தை மிஷினில் ஓட்ட வேண்டும். இருபது வரிக்கு ஒரு சீட்டு வரும். அதில் ஹீமோகுளோபின் என்கிற ஒரு வரியைத்தான் எல்லோரும் பார்ப்போம். பதினொன்றுக்கு மேல் இருந்தால் அட்டையில் பச்சை ஸ்டிக்கர், சத்து மாத்திரை, போய் வா. கீழே இருந்தால் சிவப்பு. அவர்களுக்கு இரும்புச்சத்து ஊசி, அடிக்கடி பரிசோதனை, ஓய்வு. அமுதவல்லிக்கு அன்று ஒன்பது புள்ளி ஒன்று. நான்தான் சிவப்பு ஒட்டினேன்.

மறுநாள் சிங்காரம் அவள் அட்டையை வாங்கிப் பார்த்தான்.

"செவப்பு ஒட்டின பொம்பளைங்க அளத்துல எறங்கக் கூடாது. வரப்புல வழுக்கி வுழுந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஸ்டேஷனுக்கு யாரு அலையறது? வீட்டுக்குப் போ."

ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தாள். அரசப்பனின் கூலியில் அவன், மாமியார், அவள், அவளோடு வந்த தங்கச்சி என்று நான்கு வயிறு. காலையில் கஞ்சி, சாயங்காலம் ரேஷன் அரிசிச் சோறும் புளித்தண்ணியும். உடம்பில் சத்தில்லை என்று ஸ்டிக்கர் ஒட்டினோம், அந்த ஸ்டிக்கரே அவள் சோற்றில் மண்ணைப் போட்டது. பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை, ஆனாலும் பிழைத்துக்கொண்டது. இதையெல்லாம் அவள் அப்போது என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு என்ன, ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று, வேலை முடிந்தது.

இரண்டாவது பிள்ளை நான்கு வருடம் கழித்து. மே மாதம், பத்தாவது வாரம். அதற்குள் எங்கள் நிலையத்தில் ஒரு மாற்றம் வந்திருந்தது. உப்பளப் பெண்களுக்குக் காலையில் வர முடியாது, நாலு மணிக்கே அளத்தில் இறங்கிவிடுவார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் பகல் பன்னிரண்டு மணிக்கு ரத்தம் எடுக்கலாம் என்று நர்ஸ் சுலோசனா ஏற்பாடு செய்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். கெட்ட எண்ணத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை, அதுதான் இந்தக் கதையில் எனக்கு வயிறு எரிகிற இடம்.

அமுதவல்லி அளத்திலிருந்து நேராக வந்தாள். கால் முழுக்க உப்புப் பூத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. வாசலிலேயே குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் உள்ளே வந்தாள். நரம்பு சட்டென்று கிடைக்கவில்லை. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

"எத்தினிங்கக்கா?"

மிஷின் சீட்டைத் துப்பியது. பதினொன்று புள்ளி இரண்டு.

"அடி சக்கை! போன தடவை ஒம்போது, இப்ப பதினொண்ணு ரெண்டு. என்னாத்தடி துன்ன?"

அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பச்சை ஸ்டிக்கரை அவளே என் கையிலிருந்து வாங்கி அட்டையில் ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள். பிறகு வெளியே போய்க் குழாயில் வாயை வைத்தாள். குடித்தாள் குடித்தாள் அப்படிக் குடித்தாள்.

"ஏண்டி, கொழாயையே முழுங்கிடுவ போலிருக்குதே!" என்று ஜன்னல் வழியாகக் கிண்டல் செய்தேன். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அளத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு மரம் கிடையாது, ஒரு மறைவு கிடையாது. குடித்தால் எங்கே போய் ஒதுங்குவது? நாலு மணிக்கு இறங்கினால் பதினொரு மணிக்குக் கரையேறும்வரை வாயில் ஒரு சொட்டுப் படாது. இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழித்தேன்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று அந்தச் சீட்டில் இன்னொரு வரியையும் நான் பார்த்தேன். சிவப்பணு எவ்வளவு பெரிசு என்கிற அளவு, அறுபத்தாறு. குறைந்தது எண்பது இருக்க வேண்டும். உடம்பில் இரும்பு வற்றிப்போனால்தான் பெரும்பாலும் அணு அப்படிச் சிறுத்துப்போகும். மனது உறுத்தியது. சீட்டை எடுத்துக்கொண்டு சுலோசனாவிடம் போனேன்.

"சிஸ்டர், அணு ரொம்பச் சின்னதா இருக்குது."

"ஹீமோகுளோபின் எவ்ளோ?"

"பதினொண்ணு ரெண்டு."

"அப்புறம் என்ன ஜெயா? ரிஜிஸ்டர்ல அணுவுக்குக் கட்டம் இருக்குதா?"

இல்லை. ஒரே ஒரு கட்டம்தான். வெளியே இன்னும் முப்பது பேர் நின்றார்கள். டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கலாம், பத்தடி தள்ளித்தான் அவர் அறை. போகவில்லை. திரும்பி வந்து அடுத்த கையைக் குத்தினேன்.

ஜூலையில் மறுபடி வந்தாள், அதே பன்னிரண்டு மணிக்கு. பத்து புள்ளி எட்டு. நடு மாதங்களில் எல்லை பத்தரைக்கு இறங்கிவிடும், அதனால் பச்சை பச்சையாகவே இருந்தது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி எங்கள் நிலையத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். உப்பளக் குடியிருப்புகளில் ரத்தசோகையை ஒரே வருடத்தில் பாதியாகக் குறைத்துவிட்டோமாம். ஃபோட்டோவில் சுலோசனாவுக்குப் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நான்தான்.

அக்டோபரில் மழை இறங்கியது. அளத்தில் வேலை நின்றது. பெண்கள் வீட்டோடு இருந்தார்கள். மாதக் கடைசியில் அமுதவல்லி வந்தாள், இந்த முறை காலை பத்து மணிக்கு, நனைந்துபோய். முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது. நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. மிஷின் ஏழு புள்ளி நான்கு என்றது. நம்பாமல் இரண்டாவது முறை ஓட்டினேன். அதே ஏழு புள்ளி நான்கு.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கேடயம் வாங்கின நிலையம், அதில் இப்படி ஒருத்தி.

"மாத்திரையெல்லாம் எங்கடி கொட்டின? அளத்து வாய்க்கால்லயா? சர்க்கார் சும்மாவா குடுக்குது? வயித்துல புள்ளைய வெச்சிக்கினு கொஞ்சமாவது பயம் இருக்குதா உனக்கு?"

வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் ஒயர் கூடையிலிருந்து ஒரு பாலிதீன் பையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். காலி மாத்திரை அட்டைகள். மே மாதத்திலிருந்து ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் துன்னேங்கக்கா. டீ கூட குடிக்கல அதோட."

"இதை யாரு வேணும்னா பிச்சிப் போட்டுட்டுக் கொண்டாரலாம்" என்றேன் நான். என் நாக்கைப் பிடுங்கிப் போட வேண்டும். அந்த மாத்திரை பச்சை அட்டைக்காரிகளுக்கு உண்டான அளவு. வற்றிப்போன உடம்புக்கு அது எந்த மூலைக்கு? மே மாதமே சிவப்பு ஒட்டியிருந்தால் ஐந்து மாதம் ஊசி ஏறியிருக்கும்.

இரண்டு ஊசி ஏற்றினோம். மூன்றாவதுக்கு நேரம் கிடைக்கவில்லை. நவம்பர் பாதியில், நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே, கொட்டுகிற மழையில் வலி எடுத்துவிட்டது. அரசப்பன் ஷேர் ஆட்டோவில் எங்கள் நிலையத்துக்குத்தான் தூக்கி வந்தான். வந்த பத்தாவது நிமிடம் ஆண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. 108-ல் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பினோம். ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடுங்கக்கா" என்றாள். டாக்டரம்மா கூடாது என்று தலையசைத்தார். நான் கொடுக்கவில்லை. பொம்மையார்பாளையம் தாண்டும்போது உயிர் போய்விட்டது. போன ரத்தம் அப்படியொன்றும் அதிகமில்லை, சாதாரண உடம்பாக இருந்தால் தாங்கியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழு புள்ளி நான்கு மண்டையைக் குடைந்தது. மறுநாள் அவளுடைய பழைய சீட்டுகளை எடுத்துப் பரப்பினேன். ஹீமோகுளோபின் முறைக்கு ஒரு எண்ணாக இருந்தது. அணுவின் அளவு மட்டும் அறுபத்தாறு, அறுபத்தைந்து, அறுபத்து நான்கு என்று முதல் நாளிலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் அளத்து வேலை மறுபடி தொடங்கியதும் ராசம்மாள் என்கிற உப்பளத்துப் பெண்ணுக்குப் பன்னிரண்டு மணிக்கு ரத்தம் எடுத்தேன். பதினொன்று புள்ளி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போய், இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கவைத்து, உட்காரவைத்து மறுபடி எடுத்தேன். ஒன்பது புள்ளி ஒன்பது. அணுவின் அளவு இரண்டிலும் ஒன்றே. உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகிறது, இருக்கிற கொஞ்சம் ஹீமோகுளோபினும் அதிகம் போலத் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம். நாங்கள் சோகையைக் குறைக்கவில்லை, நேரத்தைத்தான் மாற்றியிருக்கிறோம்.

மரணத்தை விசாரிக்கிற கூட்டம் மார்ச்சில் நடந்தது. ராசம்மாளின் அந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்படின்னா ஒரு வருஷமா நீங்க அனுப்பின நம்பர் எல்லாம் தப்பு. கேடயமும் தப்பு. அதானேம்மா சொல்ல வர்றீங்க?"

"ஆமாங்க சார்."

"அந்த நம்பர்ல கையெழுத்து யாருது?"

என்னுடையது. சுலோசனா தரையைப் பார்த்தார். அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை. "ஒக்காருங்கம்மா. உங்களுக்கும் குடும்பம் இருக்குது" என்றார். நான் உட்கார்ந்தேன். கர்ப்பிணி சத்து மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று எழுதினார்கள். அந்தக் காலி அட்டைகள் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பரிகாரம் போல ஒன்று செய்தேன். சொந்தக் காசில் ஒரு மண்பானையும் நாலு டம்ளரும் வாங்கி லேப் வாசலில் வைத்தேன். அளத்திலிருந்து வருகிற பெண்கள் தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் ஊசி. எல்லாச் சீட்டிலும் அணுவின் அளவைச் சிவப்பு மையில் சுழித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். அந்த வருடத்துச் சீசனில் பதினான்கு சிவப்பு ஸ்டிக்கர். பதினான்கு பேரையும் சிங்காரம் வீட்டுக்கு அனுப்பினான். அளத்துக்குப் போய் அவனிடம் சண்டை போட்டேன். "மேடம், நானா ஒட்டினேன்? நீங்கதானே ஒட்டினீங்க?" என்றான். பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பானை உடைந்து கிடந்தது. வேறு பானை வாங்கினேன்.

அடுத்த ஏப்ரலில் சந்தியா வந்தாள். அமுதவல்லி வளர்த்த அதே தங்கச்சி. பன்னிரண்டாவது பாஸ் செய்தவள், ஸ்டோரில் பில் போடுகிற வேலைக்குப் போவாள் என்று அக்கா பெருமையடித்துக்கொண்டிருந்தாளே, அவள். அக்காவின் இரண்டு பிள்ளைகளுக்கும் யார் சோறு போடுவது என்று அரசப்பனுக்கே கட்டிவைத்துவிட்டார்கள். இப்போது மூன்றாம் மாதம். இடுப்பில் அந்தப் பையன். கால் முழுக்க உப்பு. உதடு வெடித்திருந்தது.

டம்ளரை நிரப்பி நீட்டினேன். "குடி சந்தியா. ஒக்காரு கொஞ்ச நேரம்."

"வேணாங்கக்கா."

"அட, குடிம்மா. வெயில்ல வந்துக்கிற."

"குடிச்சா டிகிரி எறங்கிடுங்க. ரத்தம் எடுத்துட்டு அப்புறம் குடிக்கறேன்."

டம்ளரை மேசையில் வைத்தேன். "யாருடி சொன்னது?"

"எங்கக்காதான். எங்க அளத்துல எல்லாருக்கும் அதுதான் சொல்லிக் குடுத்துச்சு. மொத நாளு சாயங்காலத்துலருந்தே தண்ணி குடிக்காத, ரத்தம் சுண்டினா டிகிரி ஏறும், பச்சை ஒட்டிடுவாங்க, வேலை போவாதுன்னு."

தாகத்தோடு குழாயைத் தாண்டி உள்ளே வந்தவள் நினைவுக்கு வந்தாள். வெளியே போய்க் குடித்தாளே, அந்தக் குடி. விரல் தேய்த்து உப்புத் தண்ணீரை அளக்கத் தெரிந்தவளுக்குத் தன் ரத்தத்தை அளக்கத் தெரியாதா? நான் அவள் செத்த பிறகு கண்டுபிடித்ததை அவள் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருந்தாள். மிஷினை அவள்தான் ஏமாற்றினாள். எதற்கு? ஆறு மாதம் சோறு தின்பதற்கு. நானோ அவளைப் பார்த்து, மாத்திரையை எங்கே கொட்டினாய் என்று கேட்டேன்.

"சந்தியா, அதாலதான்டி உங்கக்கா செத்தா" என்றேன்.

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா?"

பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அக்காவுக்குப் பச்சை ஒட்டினீங்க, செத்துப்போச்சு. எனக்கு செவப்பு ஒட்டினா மட்டும் சிங்காரம் ஒக்கார வெச்சு சோறு போடுவானா? ரெண்டு புள்ளைங்க இருக்குது, வயித்துல ஒண்ணு. நான் இன்னாத்தைத் துன்னுட்டு உங்க ஊசிய ஏத்திக்கறது, சொல்லுங்க?"

கையை நீட்டினாள், அக்காவைப் போலவே முகத்தைத் திருப்பாமல். பதினொன்று புள்ளி மூன்று. அணுவின் அளவு அறுபத்து மூன்று. பதினொன்றைத் தாண்டியிருந்தாலும் அணுவை நம்பிச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினேன். அவள் அட்டையை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள். குழாயில் வாயை வைக்கவில்லை, பானைப் பக்கம் திரும்பவும் இல்லை.

முதல் ஊசிக்கு வந்தாள். இரண்டாவதுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், வேறொரு முதலாளியின் அளத்தில் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தாள். புடவையை வயிறு தெரியாதபடி மேலேற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். இறங்கிப் போய்க் கூப்பிட்டேன்.

"ஏம்மா, கர்ப்பமா இருக்கிற பொண்ணை ஏன் வேலைக்கு வெச்சிருக்கீங்கன்னு என்னைக் கேக்காதீங்க. அப்படி யாரும் இங்க இல்லை" என்று அங்கிருந்த மேஸ்திரி சொன்னான். சந்தியா என்னைப் பார்த்தாள். யாரென்றே தெரியாதவள் போலப் பார்த்துவிட்டு, கூடையைக் கொட்டப் போய்விட்டாள்.